வேலையை விடாமல் இயற்கை மருத்துவம் படிக்க முடியுமா?

(திரையில்: ஞாயிறு, விடிகாலை. திருவொற்றியூர் மெட்ரோ நிலையத்தின் நடைமேடை.)

வணக்கம். எங்கள் தெருவில் பாதிப் பேர் காசிமேட்டுக்கு மீன் வாங்கக் கிளம்புகிற நேரம் இது. நான் நோட்டுப் பையை மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போகிறேன். எனக்கு வயது 38. மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பில்லிங் வேலை. வீட்டில் இரண்டு பிள்ளைகள், சர்க்கரை நோயுள்ள மாமியார், துறைமுகத்தில் ஷிஃப்ட் பார்க்கிற கணவர். இதற்கு நடுவில்தான் இரண்டு வருடமாக யோகாவும் இயற்கை மருத்துவமும் படித்து வருகிறேன்.

"அக்கா, நானும் வேலைக்குப் போய்க்கொண்டே படித்து இயற்கை மருத்துவர் ஆகலாமா?" என்று அக்கம்பக்கத்தில் பலர் கேட்டுவிட்டார்கள். பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். படிக்கலாம். மருத்துவர் ஆக முடியாது. இந்த இரண்டும் வேறு வேறு என்று தெரியாமல் நான் 18,000 ரூபாயை இழந்திருக்கிறேன். அதனால்தான் இந்த வீடியோ.

(திரையில்: அரும்பாக்கம், அண்ணா மருத்துவமனை வளாகத்தின் நுழைவாயில்.)

இயற்கை மருத்துவத்தில் டாக்டர் ஆவதற்கான பட்டத்தின் பெயர் பி.என்.ஒய்.எஸ். நாலரை வருடம் படிப்பு, அதன் மேல் ஒரு வருடம் பயிற்சி, ஆக ஐந்தரை வருடம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். சென்னையில் இதற்கான அரசுக் கல்லூரி அரும்பாக்கம் அண்ணா மருத்துவமனை வளாகத்தில் 2000ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி. முதல் வருடமே உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் என்று வந்துவிடும். இது முழுநேரப் படிப்பு. மாலை வகுப்பு, ஞாயிறு வகுப்பு, தபால் வழி எதுவும் கிடையாது. இருக்கவும் கூடாது என்பது என் கருத்து. ஒரு நோயாளியின் உடம்பைத் தொட்டுச் சிகிச்சை தரப் போகிறவர், அந்த உடம்பை முழுதாகப் படித்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

இது தெரியாமல்தான் நான் ஏமாந்தேன். ஒரு துண்டு நோட்டீஸில், 'ஒரே வருடத்தில், விடுமுறை நாட்களில் மட்டும் படித்து இயற்கை மருத்துவர் ஆகுங்கள்' என்று போட்டிருந்தது. சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினேன். நான்கு ஞாயிறு வகுப்பு நடந்தது. பிறகு ஒரு சான்றிதழையும், பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று அச்சடித்த ஒரு பேட்ஜையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தப் பேட்ஜை நான் குத்திக்கொள்ளவே இல்லை. ஒரு மருத்துவ முறையைப் படிக்காதவர் அந்த முறையில் சிகிச்சை செய்தால் அவர் போலி மருத்துவர்தான் என்று உச்ச நீதிமன்றம் 1996லேயே தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. சர்க்கரையையும் புற்றுநோயையும் தீர்க்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கிற சட்டம் 1954லிருந்து இருக்கிறது. இரண்டும் எனக்கு அப்போது தெரியாது.

சரி, வேலையில் இருப்பவர் நேர்மையாகப் படிக்க என்னதான் இருக்கிறது?

யோகா இருக்கிறது. ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றிதழ் வாரியம் என்று ஒன்று உண்டு. படிப்படியாகத் தேர்வு வைப்பார்கள். எழுத்தும் உண்டு, செய்முறையும் உண்டு. முதல் நிலைக்கான பாடத்திட்டம் 200 மணி நேரம். வாரம் நான்கு மணி நேரம் ஒதுக்கினால் ஒரு வருடத்தில் முடிகிற கணக்கு. அதில் தேறினால் அபார்ட்மென்டிலோ பூங்காவிலோ யோகா சொல்லித்தரலாம். இயற்கை மருத்துவத்துக்கும் பகுதிநேர டிப்ளமா, சான்றிதழ் வகுப்புகள் நிறைய உண்டு. வீட்டில் எப்படிச் சமைப்பது, எப்படித் தூங்குவது, உடம்பை எப்படிக் கவனிப்பது என்று கற்றுக்கொள்ள அவை உதவும். கிளினிக் திறக்க உதவாது.

உணவியலைத் தொலைநிலையில் படிக்கலாமே என்று நினைப்பவர்கள் கவனியுங்கள். ஊட்டச்சத்து, உளவியல், நுண்ணுயிரியல் போன்ற உடல்நலம் சார்ந்த படிப்புகளைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் சொல்லிவிட்டது. பழைய நோட்டீஸைக் காட்டி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

(திரையில்: சுவரில் மாட்டிய மாதக் காலண்டர். 28 முதல் 3 வரை பேனாவால் அடித்திருக்கிறது.)

இப்போது நேரம். என் வாரத்தை அப்படியே காட்டுகிறேன்.

காலை நாலரைக்கு எழுந்தால்தான் அடிபம்பில் தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, எட்டு மணிக்கு நான் வெளியே வர முடியும். அந்த நேரத்தில் புத்தகத்தைத் திறப்பேன் என்று எனக்கு நானே பொய் சொல்லிக்கொண்டதில் முதல் மூன்று மாதம் போய்விட்டது. ஷேர் ஆட்டோவிலும் படிக்க முடியாது. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அது குலுங்குகிற குலுக்கலில் எழுத்தே தெரியாது. அதனால் ஞாயிறு எழுதிய குறிப்பை என் குரலிலேயே போனில் பதிவு செய்து, வாரம் முழுக்கப் போகும்போதும் வரும்போதும் கேட்கிறேன். ஒரு லாரி குறுக்கே நின்று அரை மணி நேரம் போனால், எலும்புகளின் பெயர் இன்னொரு முறை ஓடும்.

ராத்திரி ஒன்பதரைக்கு மேல், வாரத்தில் நான்கு நாள், முக்கால் மணி நேரம். ஞாயிறு வகுப்பு நான்கு மணி நேரம். மொத்தம் ஏழு. இதற்கு மேல் என்னால் முடியாது, முயல்வதையும் விட்டுவிட்டேன்.

யார்டில் மாதக் கடைசி என்றால் பில் மூடுகிற நெருக்கடி. 28ஆம் தேதியிலிருந்து 3ஆம் தேதி வரை புத்தகத்தைத் தொடுவதில்லை என்று காலண்டரிலேயே அடித்து வைத்துவிட்டேன். 'படிக்கவில்லையே' என்ற குற்ற உணர்ச்சி அதோடு போனது. மார்ச்சில் பெரியவனுக்குப் பரீட்சை, அந்த மாதம் நான் எந்தத் தேர்வும் எழுதுவதில்லை. சூப்பர்வைசரிடம் வகுப்புத் தேதிகளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தேன். பயந்துகொண்டேதான் கொடுத்தேன். ஞாயிறு டூட்டியை மாற்றிப் போட்டுக் கொடுத்தார். கேட்காமலே 'விடமாட்டார்கள்' என்று முடிவு கட்டாதீர்கள். ஞாயிறு சமையல் கணவருடையது.

(திரையில்: பிளாஸ்டிக் டப், ஒரு தெர்மாமீட்டர், மடித்த பருத்தித் துணி.)

இனி, இந்தப் படிப்பு எனக்கு நிஜமாக என்ன கற்றுக்கொடுத்தது என்று சொல்கிறேன்.

இப்போது போகிற ஞாயிறு வகுப்பில் சேர்ந்த இரண்டாவது மாதம் பாத வெந்நீர்க் குளியல் பாடம். கேட்க எளிமையாக இருக்கும். ஒரு டப்பில் 40 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் சூடுள்ள தண்ணீர், கணுக்கால் மூழ்க வைக்க வேண்டும். தலையில் குளிர்ந்த ஈரத்துணி. இருபது நிமிடம். மாமியாருக்கு இரவில் கால் மரத்துப்போகும். சரி, செய்து பார்ப்போம் என்று அன்றைக்கே உட்கார வைத்தேன். "இன்னா கண்ணு, சூடே தெரியலியே" என்றார். இன்னும் ஒரு சொம்பு வெந்நீர் ஊற்றினேன். "இப்போ?" "தெரியல கண்ணு." இன்னொரு சொம்பு.

மறுநாள் காலை இடது குதிகாலுக்கு மேலே எலுமிச்சை அளவு கொப்புளம்.

ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே டாக்டர் அத்தையைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தில் பத்து இடத்தில் தொட்டார். தொட்டதும் சொல்லுங்கம்மா என்றார். அத்தை மூன்று முறைதான் வாய் திறந்தார். சர்க்கரை நோய் வருடக்கணக்கில் இருந்தால் பாத நரம்புகள் உணர்ச்சியை இழக்கும். சூடு தெரியவில்லை என்றால் தண்ணீர் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. கட்டு மாற்ற மூன்று வாரம் அத்தையை ஆட்டோவில் கூட்டிப் போனேன்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் இதை எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஆசிரியை திட்டவில்லை. பாடத்தின் அதே பக்கத்தைத் திருப்பச் சொன்னார். கீழே சின்ன எழுத்தில் 'யாருக்குச் செய்யக் கூடாது' என்று ஒரு பத்தி இருந்தது. சர்க்கரையால் உணர்ச்சி இழந்த கால், ரத்த ஓட்டம் குறைந்த கால் என்று அதில் எழுதியிருந்தது. அன்றிலிருந்து எந்தச் சிகிச்சையைப் படித்தாலும் அந்தப் பத்தியைத்தான் முதலில் படிக்கிறேன்.

இளநீரையே எடுத்துக்கொள்ளுங்கள். இயற்கையானதுதானே, யாரை என்ன செய்யும் என்று தோன்றும். 100 மில்லி இளநீரில் சுமார் 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் அதிகமானதை வெளியே தள்ளிவிடும். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அது ரத்தத்தில் தங்கி, இதயத் துடிப்பையே குலைக்கும். இன்சுலின் போடுபவர், சில வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் அளவை மாற்றாமல் உண்ணாநோன்பு இருந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கி மயங்கி விழுவார். உண்ணாநோன்பும் இளநீரும் இயற்கை மருத்துவத்தில் முக்கியமானவைதான். அவற்றை எனக்குப் பிடிக்கும், இப்போதும் பிடிக்கும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து "நான் மாத்திரையை நிறுத்திவிட்டு ஒரு வாரம் விரதம் இருக்கட்டுமா?" என்று கேட்டால், "உங்கள் டாக்டரைக் கேளுங்கள், நானும் கூட வருகிறேன்" என்பதுதான் என் பதில்.

(திரையில்: எண்ணூர் முகத்துவாரம், தூரத்தில் புகைபோக்கிகள்.)

நம்ம ஊருக்கென்றே ஒரு விஷயம் உண்டு. வயிற்றில் மண் பட்டி போடுவது இயற்கை மருத்துவத்தின் பெயர்பெற்ற சிகிச்சை. காந்தி தன் உடம்பில் போட்டுப் பார்த்து எழுதியிருக்கிறார். நவம்பர் 18ஐ இயற்கை மருத்துவ நாளாகக் கொண்டாடுவதும் அவர் நினைவாகத்தான். 1945இல் அந்தத் தேதியில்தான் இதற்கான அறக்கட்டளைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். மண்ணை மூன்று நான்கு அடி ஆழத்திலிருந்து எடுத்து, வெயிலில் காயவைத்து, சலித்து, ஊறவைக்க வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. எங்கள் பக்கம் எந்த மண்ணைத் தோண்டுவது? அனல் மின் நிலையச் சாம்பல் படிந்த ஊர் இது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரம் முழுக்க எண்ணெய் மிதந்தது, மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப்போயின. இந்த மண்ணை நான் யார் வயிற்றிலும் வைக்க மாட்டேன். அதற்குப் பதில் ஈரத்துணிப் பட்டி செய்கிறேன். நனைத்துப் பிழிந்த பருத்தித் துணி ஒரு சுற்று, அதன் மேல் காய்ந்த கம்பளித் துணி ஒரு சுற்று, அவ்வளவுதான். அதுவும் இதே மருத்துவத்தின் பழைய முறை.

(திரையில்: மீண்டும் மெட்ரோ. சென்ட்ரலில் மாறும் பயணிகள்.)

எந்த வகுப்பிலும் பணம் கட்டுவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். சான்றிதழ் எந்தப் பல்கலைக்கழகத்துடையது, எந்த வாரியத்துடையது? படித்து முடித்தால் என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாமா? இரண்டாவது கேள்விக்கு 'ஆமாம்' என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு நாள் லீவு போடுங்கள். திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, அரும்பாக்கத்தில் இறங்குங்கள். அரசு மருத்துவமனையின் யோகா, இயற்கை மருத்துவப் புறநோயாளிப் பிரிவுக்கு, உங்களுக்கு ஏதாவது தொந்தரவு இருந்தால் நோயாளியாகவே போங்கள். உங்களைப் பார்க்கும் மருத்துவர் என்னென்ன கேட்கிறார் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், ரத்தப் பரிசோதனை எப்போது எடுத்தீர்கள், கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் சரியாகப் போகிறதா? என் தாளில் அப்படிப் பத்தொன்பது கேள்வி இருந்தது. எனக்கு விற்ற ஒரு வருட 'டாக்டர்' படிப்பின் நான்கு ஞாயிறுகளில் அவற்றில் ஒன்றைக்கூட யாரும் சொல்லித்தரவில்லை.