ஏழு நாள் கழித்து வாசல் தாண்டும் குழந்தை

[காட்சி: விடிகாலை. தகரக்கூரை வீட்டு வாசல்.]

மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் சியரா லியோனுக்குப் போவோம். தலைநகர் ஃப்ரீடவுனில், விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்த கிரியோ மக்கள் வாழ்கிறார்கள். பிறந்த குழந்தையை அவர்கள் உடனே வெளியே கொண்டுவர மாட்டார்கள். பெண் குழந்தை ஏழாம் நாள், ஆண் குழந்தை ஒன்பதாம் நாள் வாசல் தாண்டும். பெயர் வைப்பதும் அன்றுதான். சடங்குக்குப் பெயர் கோமோஜாடே. நைஜீரியாப் பக்கம் பேசும் யொரூபா மொழிச் சொல். பிள்ளையை வெளியே கொண்டுவருவது என்று அர்த்தம்.

பிரசவம் மறுபிறவி என்று நாம் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போவோம். இந்த நாட்டில் அதற்குக் கணக்கே உண்டு. 1991-இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 2002 வரை நீடித்தது. நடுவில் 2000-ஆம் ஆண்டில், ஐ.நா. மதிப்பீட்டின்படி, ஒரு லட்சம் குழந்தைகள் பிறந்தால் சுமார் 1,700 தாய்மார்கள் இறந்தார்கள். ஏறக்குறைய அறுபது பிரசவத்துக்கு ஒரு சாவு.

[காட்சி: கர்ப்பப்பையின் எளிய கோட்டோவியம்.]

பல உயிர்களைக் கொண்டுபோவது உதிரப்போக்கு. நஞ்சுக்கொடி விழுந்ததும் கர்ப்பப்பை இறுகிச் சுருங்க வேண்டும். அந்த இறுக்கம்தான் திறந்து கிடக்கும் ரத்தக் குழாய்களை நெரித்து மூடுகிறது. சில நேரம் தசை தளர்ந்தே கிடந்துவிடும். கவனிக்க ஆளில்லாவிட்டால் இரண்டு மணி நேரத்தில் உயிர் போகலாம். மலேரியாவால் ஏற்கெனவே ரத்தம் குறைந்தவர் என்றால் அவ்வளவு நேரம்கூடத் தாங்காது.

மருந்து இருக்கிறது. குழந்தை பிறந்தவுடன் தாயின் தொடையில் போடும் ஆக்ஸிடோசின் ஊசி. விலை அதிகமில்லை. ஆனால் அதை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். கரண்ட் இல்லாத கிராமத்தில் எங்கே வைப்பது? அதற்குத்தான் மிசோப்ரோஸ்டால் மாத்திரை, ஃபிரிட்ஜ் தேவையில்லை.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த ஒரு பொருள்: பிளாஸ்டிக் விரிப்பு. தாயின் அடியில் விரித்தால் ரத்தம் அதன் பையில் சேரும். பையில் அளவுக்கோடுகள் இருக்கும். கண்ணால் பார்த்து மட்டும் சொல்கிறவர்கள் ரத்தத்தின் அளவைக் குறைத்தே சொல்கிறார்கள். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் நடந்த ஆய்வில், இப்படி அளந்து, அளவு மீறியதும் எல்லாச் சிகிச்சையையும் ஒன்றாகத் தொடங்கினார்கள். மோசமான பாதிப்புகள் 60 சதவீதம் குறைந்தன. முடிவு வெளிவந்தது 2023-இல்தான். ஒரு பிளாஸ்டிக் பைக்கு இவ்வளவு காலமா!

[காட்சி: சேற்றுப் பாதையில் மோட்டார் பைக்.]

சரி, ஆஸ்பத்திரிவரை வந்து சேர வேண்டாமா? மே முதல் நவம்பர் வரை மழை. பல ஊர்களிலிருந்து பைக்கில்தான் வர முடியும், சில தீவுகளிலிருந்து படகில். வலி வந்த பிறகு புறப்பட்டால் தாமதம். அதனால் சில இடங்களில் ஆஸ்பத்திரிப் பக்கத்திலேயே காத்திருப்பு வீடுகள் இருக்கின்றன. மாதம் நெருங்கியவர்கள் முன்கூட்டியே வந்து தங்குகிறார்கள்.

பணமும் தடையாக இருந்தது. 2010 ஏப்ரல் 27 முதல் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் அரசு மருத்துவம் இலவசம் என்றானது. வீட்டில் பிரசவம் பார்த்துவந்த மருத்துவச்சிகள் பலர், கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவருகிறவர்களாக மாறினார்கள். டாக்டர்கள் போதாததால், 2011 முதல் டாக்டர் அல்லாத சுகாதார அலுவலர்களுக்கும் சிசேரியன் கற்றுக்கொடுத்தார்கள். இது துணிச்சலான முடிவு என்பேன்.

2014-இல் எபோலா என்ற கொடிய தொற்றுநோய் வந்தது. ஆஸ்பத்திரி என்றாலே கர்ப்பிணிகள் பயந்தார்கள், நர்சுகளே இறந்துகொண்டிருந்தார்கள். அதையும் தாண்டி, ஒரு லட்சம் பிறப்புக்கு இறக்கும் தாய்மார்களின் எண்ணிக்கை, 2020-க்கான மதிப்பீட்டில் 443-க்கு இறங்கியிருக்கிறது. 443-உம் பெரிய எண்தான்.

[காட்சி: துணியால் துடைக்கப்படும் பச்சைக் குழந்தை.]

குழந்தைக்கு முதல் நிமிடம் முக்கியம். உடனே துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டு, தாயின் வெறும் மார்பில் போட வேண்டும். அப்போதும் அழவில்லை, மூச்சு வரவில்லை என்றால் கையால் அழுத்தும் காற்றுப்பையும் முகமூடியும் வேண்டும்.

[காட்சி: மறுபடி அதே வாசல். கதவு திறக்கிறது.]

உலகத்தில் பிறந்து ஒரு மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு முதல் வாரத்திலேயே போய்விடுகின்றன. கோமோஜாடேவுக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏழு நாள் பொறுத்துப் பெயர் வைக்கச் சொன்ன அந்தக் காலத்துப் பாட்டிகளுக்கு இந்தக் கணக்கு தெரிந்தேதான் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.