வான்கோழிக் கால் எந்த ஊர்ச் சரக்கு? மேரிலாந்தின் மறுமலர்ச்சிக் காலச் சந்தையில் ஒரு பிற்பகல்

வணக்கம். இறகு செருகிய தொப்பி, தோல் அங்கி, ஒரு கையில் மரக்குவளை, மறு கையில் புகையில் வாட்டிய பெரிய வான்கோழிக் கால் என்று திரையில் நிற்கும் இவரைப் பார்த்தால், 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரர் என்றே தோன்றும். இவரிடம் இருக்கும் பொருள்களில் ஒன்று மட்டும் இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த விருந்தாளி. அது எதுவென்று இப்போதே கருத்துப் பகுதியில் எழுதிவிடுங்கள். விடை தெரிந்த பிறகு எழுதுவது ஆட்டத்தில் சேராது.

(காட்சி: மரங்களுக்கிடையே கடைவீதி)

இது அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், அனாபொலிஸ் நகருக்கு அருகிலுள்ள கிரவுன்ஸ்வில். கோடையின் கடைசியிலிருந்து அக்டோபர் வரை வாரயிறுதிகளில் மட்டும் இங்கே மறுமலர்ச்சிக் காலச் சந்தை நடக்கிறது; அதற்காக 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கிராமம் ஒன்று முளைக்கிறது. அக்கால இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியாக வேடமிட்டவர் பரிவாரத்தோடு வீதியுலா வருவார். வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: 1963 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் ஃபிலிஸ் பேட்டர்சன் என்ற ஆசிரியையும் அவருடைய கணவரும் ஒரு வானொலி நிலையத்துக்கு நிதி திரட்ட நடத்திய சந்தைதான் இந்த வகைச் சந்தைகளுக்கு முன்னோடி, மேரிலாந்துச் சந்தை 1977இல் தொடங்கியது.

பிற்பகலில் கூட்டம் ஓடுவது குதிரைவீரர்களின் ஈட்டிப் போருக்கு. 1962இலேயே மேரிலாந்து இதைத் தன் மாநில விளையாட்டாக அறிவித்துவிட்டது. இங்கே ஈட்டி முறிந்தால் கைத்தட்டல். 1559இல் பிரெஞ்சு அரசர் இரண்டாம் ஹென்றி, எதிராளியின் ஈட்டிச் சிம்பு கண்ணருகே பாய்ந்து சில நாள்களில் இறந்தே போனார்.

இனி, நான் இந்த வீடியோவை எடுத்ததற்கான உண்மைக் காரணத்துக்கு வருகிறேன். வான்கோழி மெக்சிகோ மக்கள் வளர்த்த பறவை. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். எனவே எட்டாம் ஹென்றியின் காலத்து இங்கிலாந்தில் அது அபூர்வமான புதுச்சரக்கு. சாதாரணக் குடிமகன் அதன் காலைக் கடித்தபடி கடைவீதியில் திரிந்திருப்பான் என்று என்னால் நம்ப முடியவில்லை.

பெயர்க்கதை இதைவிடச் சுவையானது. துருக்கி வணிகர் வழியாக வந்த ஆப்பிரிக்கக் கினிக்கோழியை ஆங்கிலேயர் ‘துருக்கிச் சேவல்’ என்று அழைத்துவந்தார்கள். இந்தப் புதுப்பறவை வந்ததும் அந்தப் பெயரைத் தூக்கி அதன் தலையில் வைத்து, ‘டர்க்கி’ ஆக்கிவிட்டார்கள். துருக்கியரைக் கேட்டால், அதன் பெயர் ‘ஹிந்தி’, அதாவது இந்தியாவைச் சேர்ந்தது என்பார்கள். பிரெஞ்சில் ‘தேந்த்’, அதற்கும் இந்தியாதான் வேர். டச்சுக்காரர்கள் ஊரையே குறிப்பிட்டு, கோழிக்கோட்டின் பெயரால் ‘கல்கூன்’ என்கிறார்கள்! நம்மூர்க் கோழிக்கோடுதான், அங்கே அந்தப் பறவைக்குப் பூர்வீகம் எதுவும் கிடையாது. மயிலைப் பார்த்து ஆடிய வான்கோழியை நாம் பள்ளிக்கூடத்திலேயே கேலி செய்திருக்கிறோம்; இங்கே அது ஆங்கிலேயர் வேடமும் கட்டிக்கொண்டு நிற்கிறது.

(காட்சி: தாளில் சுற்றிய கால், அருகில்)

தோல் கருஞ்சிவப்பாகச் சுருங்கி, எண்ணெய் தாளில் ஊறியிருக்கிறது. சதைக்குள் துடைப்பக்குச்சி போல விறைத்த நரம்புகள் ஓடுவதால் அவசரமாகக் கடிக்காதீர்கள். முள்கரண்டியையும் தேடாதீர்கள், ஹென்றியின் காலத்து ஆங்கிலேயர் அதைச் சாப்பாட்டு மேசையில் பெரும்பாலும் பயன்படுத்தவில்லை, ஆகவே கையால் பிய்த்துத் தின்பது மட்டும் வரலாற்றுக்குப் பொருத்தமாகவே நடக்கிறது.