சட்டாம்பிள்ளையும் ஸ்கேன் கருவியும்

(தஞ்சாவூரில் மருத்துவ மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பெரியோர்களே, பின்வரிசையில் உட்கார்ந்தால் கேள்வி வராது என்று நம்பும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

முதலில் என் தோல்வி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நோயாளியின் படுக்கையருகிலேயே செய்யும் அல்ட்ராசவுண்டு ஸ்கேனைக் கற்றுத்தர ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். அதிர்வெண், எதிரொலி என்று முக்கால் மணி நேரம் பேசினேன். பிறகு ஒரு மாணவியிடம் புரோபை, அதாவது உடம்பில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவியின் கைப்பகுதியைக் கொடுத்து, சக மாணவனின் வலது விலாவில் வைக்கச் சொன்னேன். திரையில் விலா எலும்பின் கறுப்பு நிழலைத் தவிர ஒன்றும் இல்லை. “கொஞ்சம் சாய்த்துப் பாரம்மா” என்றேன். எந்தப் பக்கம், எவ்வளவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் கை பல வருடங்களாகத் தானாகச் செய்கிற வேலை அது.

அவளுக்கு ஓராண்டு மூத்த மாணவன் ஒருவன் அருகில் வந்தான். “சுண்டு விரலை அவன் உடம்பில் ஊன்றிக்கொள், கை ஆடாது. புரோபை விலா இடுக்கோடு ஒட்டித் திருப்பு. அவனை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்” என்றான். கல்லீரல் இறங்கியது, அதை ஒட்டி அவரைவிதை போலச் சிறுநீரகம் வந்து நின்றது. அவன் அத்தோடு விடவில்லை.

“மழை விட்டதும் எந்த வயலில் தண்ணீர் நிற்கும்?”

“பள்ளத்து வயலில்.”

“மல்லாந்து படுத்தவனுக்கு மேல்வயிற்றில் பள்ளம் இந்த இரண்டுக்கும் நடுவில். அடிபட்டு உள்ளே ரத்தம் கசிந்தால் இங்கே கறுப்பாகத் தேங்கும்.”

கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவிலுள்ள அந்த இடத்துக்கு மோரிசன் பள்ளம் என்று பெயர். அதை இவ்வளவு சுருக்கமாக நான் சொன்னதே இல்லை. அவன் போன வருடம் அதே விலா எலும்பில் முட்டிக்கொண்டவன். முட்டிய இடம் அவனுக்கு இன்னும் மறக்கவில்லை.

ஜெர்மனியின் மருத்துவக் கல்லூரிகளில் மூத்த மாணவர்கள் ஸ்கேன் கற்றுத்தருவது பழகிப்போன ஏற்பாடு. நமக்கும் இது புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை வேறென்ன செய்தான்? எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி, அதை 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அது ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் பெற்றது. அவர் பிறந்த ஸ்காட்லாந்தில் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்ற பள்ளி இன்றும் இருக்கிறது. அதே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இயன் டொனால்டு 1958-இல் வயிற்று ஸ்கேன் படங்களை வெளியிட்டார். சட்டாம்பிள்ளை இங்கிருந்து போனான், ஸ்கேன் அங்கிருந்து வந்தது, கணக்கு நேர்.

ஆனால் சட்டாம்பிள்ளை வாத்தியார் ஆகிவிட முடியாது. டெங்குக் காய்ச்சலில் பித்தப்பைச் சுவர் தடித்துத் தெரியும். ரத்தநாளத்திலிருந்து நீர் கசிவதால் வரும் தடிப்பு அது. பித்தப்பை அழற்சி என்று நினைத்து அறுவை சிகிச்சைக்கு அனுப்பினால் உயிருக்கே ஆபத்து. படம் எடுக்க நண்பன் சொல்லித்தரலாம். படத்தின் பொருளை முடிவு செய்பவர் மூத்த மருத்துவர்.

சட்டமும் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் கருப்பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி கருவி பதிவு பெற்றிருக்க வேண்டும். நினைத்தபோது விடுதி அறைக்குத் தூக்கிப் போக முடியாது. மாணவர்களே படுத்துக் காட்டுங்கள். நண்பன் வயிற்றில் ஏதாவது கட்டி தென்பட்டால் கூட்டத்தில் கூவாதீர்கள். ஆசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

மூத்தவர்கள் இளையவர்களுக்கு ஸ்கேன் சொல்லித்தரும் இந்தப் பயிற்சியைச் சனிக்கிழமை மாலை தொடங்கலாம். வரும்போது ஆளுக்கொரு பழைய வேட்டித் துணி கொண்டு வாருங்கள். ஸ்கேனுக்கு உடம்பில் தடவும் ஜெல்லைக் காகிதத்தில் துடைத்துக் கட்டுப்படியாகாது.