ரோட்டிலேயே சார்ஜ் ஏறினால் ஊர் ஒத்துக்கொள்ளுமா?

அடுத்த கேள்வி காங்கேயத்தில் இருந்து ஒரு அக்கா அனுப்பியது. "ஓடும்போதே வண்டிக்கு சார்ஜ் ஏத்துற ரோடு வரும்னு சொல்றீங்க. மழை பெஞ்சா ஷாக் அடிக்காதுங்களா? ரோட்டோரம் மாடு மேயுது. நம்ம சனங்க ஒத்துக்குவாங்களா? சுற்றுச்சூழலுக்கு இது நல்லதா?"

சரிங்க அக்கா, ஷாக் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். தாருக்கு அடியில், ஒரு சாணுக்கும் குறைந்த ஆழத்தில் செம்புக் கம்பிச் சுருள்களைப் புதைக்கிறார்கள். கம்பி எங்கும் வெளியே தெரியாது. இண்டக்‌ஷன் அடுப்பு பாத்திரம் வைத்தால்தானே சுடும்? அதே கதைதான். அந்த மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும் ரிசீவர் பொருத்திய வண்டி மேலே வரும்போது மட்டும் அந்தத் துண்டில் மின்சாரம் ஓடும், தாண்டியதும் நின்றுவிடும். மாடு தாராளமாக நடக்கலாம். இன்னொரு வகையும் உண்டு. ஸ்வீடனில் 2018இல் ஆர்லாண்டா விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ரோட்டில் காடி வெட்டித் தண்டவாளம் பதித்துச் சோதித்தார்கள். அது நமக்குச் சரிப்படாது. நாலு எம்-சாண்ட் லாரி சிந்திக்கொண்டே போனால் காடி மூடிவிடும்.

ஒத்துக்கொள்வதுதான் பெரிய கேள்வி. நம் பக்கத்தில் எதிர்ப்பு கிளம்பியதெல்லாம் பெரும்பாலும் நிலத்தை வைத்துத்தான். 2013இல் கெயில் எரிவாயுக் குழாய்க்கு ஏழு மாவட்ட விவசாயிகள் எதிர்த்து நின்றார்கள். அப்புறம் புகளூருக்கு வரும் உயர்மின் கோபுரங்கள். இரண்டிலும் கேட்டது ஒன்றுதான்: தோட்டத்துக்குள் வராதே, ரோட்டோரமாகக் கொண்டு போ. கோபுரத்துக்குப் பதில் புதைவடம் போடு என்றார்கள். சார்ஜ் ரோடு அந்தக் கோரிக்கைக்குள் தானாகவே அடங்குகிறது. ஆனால் அதற்கு மின்சாரம் தரும் துணைமின் நிலையத்துக்கும் லைனுக்கும் யார் நிலம் போகிறது, என்ன இழப்பீடு என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கோவை அவினாசி ரோட்டில் மரங்கள் போனதைப் பார்த்தவர்களிடம் "மரம் வெட்ட மாட்டோம்" என்று வாயால் சொன்னால் போதாது.

சுற்றுச்சூழல் லாபம் முக்கியமாக பேட்டரியில் இருக்கிறது. வழியிலேயே சார்ஜ் ஏறினால் லாரியும் பஸ்ஸும் பெரிய பேட்டரியைச் சுமக்க வேண்டாம். லித்தியமும் நிக்கலும் அந்த அளவுக்குக் குறைவாகத் தோண்டினால் போதும். பதிலுக்கு ரோட்டுக்குள் செம்பு போகிறது, தாரைச் சுரண்டி மறுபடி போட வேண்டியிருக்கிறது. கம்பியில்லாமல் தாவும்போது கொஞ்சம் மின்சாரம் வீணாகும். டயர் தேய்ந்து வரும் தூசியும் அப்படியேதான் இருக்கும்.

எந்த மின்சாரம் என்பதையும் பாருங்கள். ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டால் பெரும்பாலும் நிலக்கரி மின்சாரம். ரோட்டில் பகலில் ஏறினால் சூரிய மின்சாரத்தோடு ஒத்துப்போகும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது பல்லடம், உடுமலைக் காற்றாலைகளும் கைகொடுக்கும்.

செலவு? ஸ்வீடனே இ-20 நெடுஞ்சாலையில் போட நினைத்து, டெண்டர் விலை கட்டுப்படியாகாமல் 2023இல் ரத்து செய்தது. அதனால் சேலம்–கொச்சி நெடுஞ்சாலை முழுக்கப் போடலாம் என்று யாராவது பேசினால் நான் நம்ப மாட்டேன். தென்கொரியாவின் குமி நகரத்தில் 2013இல் செய்தது போல டவுன் பஸ்ஸில் தொடங்கலாம். கோவையில் காந்திபுரம்–உக்கடம் மாதிரி ஒரே தடத்தில் நாள் முழுக்க ஓடும் பஸ்களுக்கு, நின்று போகும் இடங்களில் மட்டும் சுருள் புதைத்தால் போதும். அதற்கும் முன்னால் குடிநீர்க் குழாய், சாக்கடை, கேபிள் என்று மாறி மாறி ரோட்டைத் தோண்டுகிற துறைகளை ஒரே மேசையில் உட்கார வைத்து, இந்தத் தடத்தில் யார், எப்போது தோண்டலாம் என்று எழுதி வாங்கியாக வேண்டும்.