முதலில் எழுத வேண்டியது ஒரு மெயில்

நேயர்களுக்கு வணக்கம். கோவை, ஈரோடு, சேலம் பக்கம் வருஷா வருஷம் நிறையப் பேர் பிஎச்.டி. முடிக்கிறார்கள். வைவா என்ற வாய்மொழித் தேர்வு முடிந்த கையோடு கல்லூரி வேலைக்கு அலைகிறார்கள். வெளிநாட்டில் உதவித்தொகையோடு போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுக்குப் போகலாமே என்றால், “அதெல்லாம் ஐஐடி ஆளுகளுக்குங்க” என்று பதில் வருகிறது. இந்த நினைப்புதான் எனக்குப் பெரிய ஆதங்கம். ஜெர்மனியின் ஹம்போல்ட் ஃபெல்லோஷிப்பில் நாட்டுக்கு இத்தனை, பாடத்துக்கு இத்தனை என்ற ஒதுக்கீடே கிடையாது. விண்ணப்பக் கட்டணமும் இல்லை. வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

எத்தனை ஆண்டுக்குள் விண்ணப்பிக்கலாம் என்பதற்கு, பிஎச்.டி. பட்டம் வாங்கிய நாளிலிருந்துதான் கணக்கு. ஹம்போல்ட்டின் போஸ்ட்டாக் பிரிவுக்கு 4 ஆண்டு, ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ். உதவித்தொகைக்கு 6, ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி உதவித்தொகைக்கு 8. குழந்தை வளர்ப்புக்காக ஆய்வை நிறுத்தியிருந்தால் மேரி கியூரியில் அந்தக் காலம் கணக்கில் வராது. ஹம்போல்ட்டிலும் அதற்குச் சலுகை உண்டு. வீட்டோடு இருக்கும் நம் பெண்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மூன்றுக்குமே, அங்கே ஒரு பேராசிரியர் உங்களைச் சேர்த்துக்கொள்ள முதலில் சம்மதிக்க வேண்டும். ஜே.எஸ்.பி.எஸ்.ஸில் அவர்தான் உங்களுக்காக விண்ணப்பிக்கிறார். ஆகவே படிவத்தைத் திறக்கும் முன்னால் அவருக்கு ஒரு மெயில். அதில்தான் நம் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள். “மதிப்புக்குரிய ஐயா, தங்கள் ஆய்வகத்தில் சேர விரும்புகிறேன்” என்று ஒரே மெயிலை ஐம்பது பேருக்கு அனுப்பினால் யார் படிப்பார்கள்?

திருப்பூர்ச் சாயக்கழிவில் பிஎச்.டி. செய்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக்கூடாது என்று நீதிமன்றம் சொல்லி, 2011இல் சாயப்பட்டறைகளை மூடவே உத்தரவிட்டது. இன்று ஆர்.ஓ. வைத்துச் சுத்திகரித்தாலும், கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது என்பது தலைவலிதான். அவள் எழுத வேண்டியது இதைத்தான்: “உப்பைப் பிரிக்கும் உங்கள் வடிகட்டிச் சவ்வைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நீங்கள் ஆய்வகத்தில் கலந்த உப்பில் சோதித்திருக்கிறீர்கள். என்னிடம் பட்டறையிலிருந்து எடுத்த கழிவின் அளவீடுகள் இருக்கின்றன. அதில் சாயமும் சேர்ந்திருக்கிறது. உங்கள் சவ்வு இதைத் தாங்குமா என்று பார்க்க விரும்புகிறேன்.” நாலைந்து வரி போதும். சி.வி.யும் நல்ல கட்டுரை ஒன்றும் இணைத்தால் சரி. நொய்யல் கரையில் வேலை செய்தவளுக்குத் தெரிந்தது, அந்தப் பேராசிரியருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. அதை எழுத ஏன் கூச்சப்பட வேண்டும்?

அப்புறம் பரிந்துரைக் கடிதம். மாணவரே எழுதி கைடு கையெழுத்துப் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். நீங்கள் செய்ததை கைடு தம் வார்த்தையில் எழுதட்டும், அவருக்கு ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள்.

மேரி கியூரிக்குக் கடைசி நாள் பெரும்பாலும் செப்டம்பரில் வரும். பேராசிரியரோடு சேர்ந்து திட்டம் எழுதவே சில மாதம் பிடிக்கும் என்பதால் பொங்கல் முடிந்ததும் மெயில் போய்விட வேண்டும். பதில் இல்லையா? இரண்டு வாரம் பொறுத்து ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், அடுத்தவருடைய கட்டுரையைப் படித்துவிட்டு அவருக்குப் புதிதாக எழுதுங்கள். நன்றி, வணக்கம்.