ஜூன் மாதக் கடலுக்கு இப்போதே நாள் குறிப்போம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் முடிந்த கையோடு கோடை விடுமுறையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இவ்வளவு சீக்கிரமா என்று கேட்கலாம். ஐரோப்பாவின் தென்கோடியில், மத்தியதரைக் கடலோரமாக ஓர் ஊரில் ஒரு வாரம் தங்க ஆசைப்படுகிறவர்கள் உட்கார்ந்து நாள் பார்க்க வேண்டிய நேரம் இதுதான். பொதுவாகப் பேசினால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறேன். இத்தாலியின் சிசிலித் தீவில், வடக்குக் கரையில் இருக்கும் செஃபலூ.

சின்ன ஊர். முதுகுப்பக்கம் சுமார் 270 மீட்டர் உயரத்துக்கு நேராக எழும் ஒரு பாறைக் குன்று. அதை 'லா ரோக்கா' என்கிறார்கள். குன்றுக்கும் கடலுக்கும் நடுவில் நெருக்கியடித்துக் கட்டிய பழைய வீடுகள், கல் பாவிய சந்துகள். ஊரின் மேற்கே நீளமான மணல் கடற்கரை. ஆழம் மெல்ல மெல்லத்தான் கூடும் என்பதால் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நிம்மதி. ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் கடல். கார் எதுவும் வேண்டாம். முதல்முறை போகும் ஒரு குடும்பத்துக்கு நான் இந்த ஊரைச் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம்.

சரி, எப்போது போவது? என் பேச்சின் சாரமே இந்தக் கேள்விதான். நாம் பெரும்பாலும் விமான டிக்கெட் எப்போது மலிவு என்று பார்த்து நாள் குறிக்கிறோம். கடலோர ஊருக்குப் போகும்போது கடலைக் கேட்டுத்தான் நாள் குறிக்க வேண்டும்.

காற்று சீக்கிரம் சூடாகும். கடல் நீர் மெதுவாகத்தான் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும். மே மாதக் கடைசியில் செஃபலூவில் பகல் வெப்பம் 24 டிகிரியை ஒட்டி இருக்கும், வெயில் பளீரென்று அடிக்கும். ஆனால் கடல் நீர் 19 டிகிரி அளவில்தான் இருக்கும். அதே மாதத்தில் நம் வங்கக் கடல் 30 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருக்கும். மெரினாவில் கால் நனைத்துப் பழகிய உடம்பு அங்கே இறங்கினால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஜூன் நடுப்பகுதிக்குள் நீர் 22 டிகிரிக்கு வந்துவிடும். பகல் பதினொரு மணிக்கு மேல் தாராளமாக நீந்தலாம். ஆகஸ்டில் 26 வரை போகும். அப்படியானால் ஆகஸ்டே நல்லதுதானே என்றால், இல்லை. ஆகஸ்ட் 15 இத்தாலி முழுக்கப் பெரிய விடுமுறை. அதை ஒட்டி நாடே கடற்கரைக்கு வந்துவிடும். அறை வாடகை ஏறிவிடும். மணலில் துண்டு விரிக்க இடம் தேட வேண்டியிருக்கும். வெயிலும் சும்மா விடாது. 2021 ஆகஸ்ட் 11 அன்று சிசிலியில் பதிவான 48.8 டிகிரியை ஐரோப்பாக் கண்டத்திலேயே மிக அதிகமான வெப்பமாக உலக வானிலை அமைப்பு உறுதி செய்திருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை ஜூன் 8 முதல் 25 வரை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு இது ஒத்துவராது, தெரியும். ஜூன் தொடக்கத்தில் இங்கே பள்ளி திறந்துவிடும். அவர்கள் மே 20க்கு மேல் கிளம்பட்டும். குளிர்ந்த நீரில் நீச்சல் குறைவாகவும், நடையும் மணல் விளையாட்டும் அதிகமாகவும் வைத்துக்கொள்ளட்டும். இன்னொரு விதத்தில் அவர்களுக்கு ஆதாயமும் உண்டு: மே மாதத்தில் ரோக்கா குன்றின் சரிவு இன்னும் பசுமையாக, காட்டுப் பூக்களோடு இருக்கும். அங்கே மழை குளிர்காலத்தில்தான், கோடை வறண்டது. ஜூலைக்குள் புல்லெல்லாம் காய்ந்து பழுப்பாகிவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஜூன் 2 இத்தாலியின் குடியரசு நாள். அது வார இறுதியை ஒட்டி வந்தால் சிசிலியின் தலைநகரான பலேர்மோவின் மக்கள் ரயிலேறி இங்கே வந்துவிடுவார்கள். அந்த நாட்களில் போய் இறங்குவதைத் தவிர்க்கலாம்.

அடுத்தது விசா. இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள் என்றாலும் 45 நாள் வரை இழுக்க விதியில் இடமுண்டு. நேர்காணலுக்கு நாள் கிடைப்பதுதான் கோடையில் பெரிய பாடு. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 வயது முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். பிப்ரவரியிலேயே காகிதங்களைச் சேர்த்து, மார்ச்சில் விண்ணப்பித்துவிட்டால் மனம் லேசாகிவிடும். அறையை மட்டும் ரத்து செய்யக்கூடியதாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். சமையலறை உள்ள வீடாக இருந்தால் இன்னும் நல்லது. வீட்டிலிருந்து கொஞ்சம் ரசப்பொடி எடுத்துப் போனால், வெயிலில் அலைந்து திரும்பும் இரவில் அதன் அருமை தெரியும். பழைய ஊருக்குள் தங்குவதென்றால் படிக்கட்டு எத்தனை மாடி, லிஃப்ட் உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள். முட்டிவலி உள்ள அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் கடற்கரைச் சாலைப் பக்கம் தங்குவதே சரி.

போய்ச் சேர்வது எப்படி? வளைகுடா வழியாக ரோம், அங்கிருந்து இன்னொரு விமானத்தில் பலேர்மோ என்பது வழக்கமான வழி. பலேர்மோ விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு ரயில், அங்கே மாறி செஃபலூவுக்கு இன்னொரு ரயில். இந்த இரண்டாவது ரயில் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவிடும். இந்த உள்ளூர் ரயில்களுக்குக் கட்டணம் எப்போது வாங்கினாலும் ஒன்றுதான், முன்பதிவு தேவையில்லை. காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். மறந்தால் அபராதம்.

நேரம் இருக்கிறவர்களுக்கு நான் ஆசையோடு சொல்லும் வழி வேறு. ரோமிலிருந்து சிசிலிக்கு இரவு ரயில் ஒன்று ஓடுகிறது. இத்தாலியின் நிலப்பகுதிக்கும் சிசிலிக்கும் நடுவே மெசினா நீரிணை, பாலம் கிடையாது. ரயில் வில்லா சான் ஜொவானி என்ற துறைக்கு வந்ததும், ரயிலைச் சில துண்டுகளாகப் பிரித்து, தண்டவாளம் பதித்த ஒரு கப்பலுக்குள் தள்ளுகிறார்கள். நாம் பெட்டிக்குள்ளேயே படுத்திருக்கலாம், அல்லது இறங்கி மேல்தளத்துக்குப் போகலாம். மேலே கடல் காற்றில் நின்றுகொண்டு, கீழே நாம் வந்த ரயிலே நம்மோடு கடல் கடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்! அக்கரையில் மறுபடி பெட்டிகளைக் கோத்து, கடலோரமாகவே ரயில் ஓடும். பிள்ளைகள் வாழ்நாளுக்கும் மறக்கமாட்டார்கள். அந்தத் தடத்தில் அவ்வப்போது பராமரிப்பு வேலை நடக்கும் என்பதால், நீங்கள் போகும் நாளின் கால அட்டவணையை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊரில் இறங்கியாயிற்று. அங்கே நாளின் ஓட்டம் வேறு. மதியம் ஒரு மணிக்கு மேல் பல கடைகள் கதவைச் சாத்திவிடும். திரும்பத் திறக்க மாலை நாலு மணி ஆகிவிடும். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு மேல்தான். ஜூனில் சூரியன் மறையவே எட்டரை ஆகிவிடுவதால் அதில் சிரமம் தெரியாது. ரோக்கா குன்றுக்குக் காலையிலேயே ஏறிவிடுங்கள். நுழைவுக் கட்டணம் உண்டு. நல்ல பிடிப்புள்ள காலணியும் தண்ணீரும் அவசியம். பாதி வழியில் பெரும் பாறைகளால் கட்டிய பழங்காலக் கட்டடம் ஒன்று நிற்கிறது. டயானா கோயில் என்று அழைக்கிறார்கள். உச்சியிலிருந்து பார்த்தால் ஊர் முழுதும், தேவாலயத்தின் இரட்டைக் கோபுரமும், நீலக் கடலும் காலடியில் விரியும்.

அந்தத் தேவாலயத்துக்கு ஒரு மாலை முழுக்க ஒதுக்குங்கள். நார்மன் அரசன் இரண்டாம் ரோஜர் 1131இல் கட்டத் தொடங்கியது. புயலில் சிக்கி உயிர் தப்பியதற்கு நேர்த்திக்கடன் என்று ஊரில் கதை சொல்வார்கள். கருவறைக்கு மேல் பொன் பின்னணியில் சின்னச் சின்ன வண்ணத் துண்டுகளைப் பதித்துச் செய்த கிறிஸ்துவின் மொசைக் உருவம்; 1148இல் முடித்தார்கள். கையில் விரித்த புத்தகத்தில் ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் லத்தீன். வடக்கேயிருந்து வந்த நார்மன் வம்சத்து மன்னர், பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) முறையில் தேர்ந்த கைவினைஞர், அரபுக் கலையின் சாயல் என எல்லாம் கலந்த காலம் அது. 2015இல் பலேர்மோவின் கட்டடங்களோடு சேர்த்து யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவசர அவசரமாகப் படமெடுத்துவிட்டு வெளியேறும் கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த முகத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். பானெல்லே என்று ஒன்று உண்டு. கடலை மாவைக் கிண்டி, ஆறவைத்து, மெல்லிய வில்லைகளாக வெட்டி எண்ணெயில் பொரித்து, எள் தூவிய ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். கத்தரிக்காயைப் புளிப்பும் இனிப்புமாகச் சமைத்த கப்போனாத்தாவும் உண்டு. மத்தி மீன் சேர்த்த பாஸ்தா இந்தப் பகுதியின் பெருமை. சைவர்கள் பெயரைப் பார்த்து விலக்கிக்கொள்ளுங்கள். காலையில் பாதாம் கிரனீத்தா என்ற பனிக்கூழோடு பிரியோஷ் என்ற மெத்தென்ற ரொட்டி ஒன்று. வேறென்ன வேண்டும்?

ஒரு நாள் திடீரென்று வானம் மங்கி, சூடான காற்று வீசலாம். சிரோக்கோ, சஹாரா பாலைவனத்திலிருந்து வருவது; சில சமயம் தூசியையும் கொண்டுவரும். அன்று குன்று ஏற வேண்டாம். மண்ட்ராலிஸ்கா அருங்காட்சியகத்துக்குப் போய், பதினைந்தாம் நூற்றாண்டு ஓவியர் அந்தோனெல்லோ தா மெசினா வரைந்த, பெயர் தெரியாத மனிதரின் ஓவியத்தைப் பாருங்கள். உள்ளே வைத்துக்கொண்ட சிரிப்போடு நம்மையே பார்ப்பார்.

கடைசி இரவைப் பலேர்மோவில் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்துக்கும் வசதி, இன்னொரு காரணமும் இருக்கிறது. இலங்கையிலிருந்து 1980களில் தொடங்கி வந்து குடியேறிய தமிழர்கள் அந்த நகரத்தில் வாழ்கிறார்கள். நகரத்தை ஒட்டி எழும் பெல்லெக்ரீனோ மலையில், குகைக்குள் சாந்தா ரொசாலியாவின் ஆலயம். 1624இல் நகரத்தைத் தாக்கிய கொள்ளைநோயிலிருந்து காத்தவர் என்று பலேர்மோ மக்கள் கொண்டாடும் புனிதர். அந்த மலைக்குத் தமிழ்க் கத்தோலிக்கர்களும் இந்துக்களும் சேர்ந்தே நடந்து ஏறிப் போய் வேண்டிக்கொள்கிறார்கள். நகரப் பேருந்தும் மேலே வரை போகிறது. காலையில் போனால் மதியத்துக்குள் திரும்பிவிடலாம். அங்கே யாராவது தமிழில் பேசுவது காதில் விழுந்தால் தயங்காமல் நின்று பேசுங்கள். எந்த மாதத்தில் கடல் இதமாக இருக்கும் என்பதை என்னைவிட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள்.

நன்றி, வணக்கம்.