வேதியியல் எதற்கு? – கலைப்பொருள் பாதுகாப்புப் பட்டப்படிப்பு பற்றிய ஒரு கேள்விக்கு விளக்கம்

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் பெட்டகத்துப் பூட்டுகளைப் பற்றிப் பேசிய பிறகு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பூட்டைப் பற்றியவைதாம். அவற்றுக்கு அடுத்த வாரம் விடை சொல்கிறேன். இன்று ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதன் கடைசி இரண்டு சொற்கள் நான்கு நாட்களாக என்னைவிட்டுப் போக மறுக்கின்றன.

தேவகோட்டையிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார்: "ஐயா, என் மகள் பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவில் படிக்கிறாள். படம் நன்றாக வரைவாள். பழைய ஓவியங்களையும் சிலைகளையும் சீர்செய்து பாதுகாக்கும் படிப்பைத்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். வேதியியல் படிக்காததால் எங்கும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். இத்தாலியில் இதற்கு ஐந்தாண்டுப் படிப்பு இருக்கிறதாம், அங்கே ஓவியத் தேர்வு வைத்துச் சேர்க்கிறார்களாம். கை நன்றாக இருந்தால் போதாதா, வேதியியல் எதற்கு?"

முப்பத்து நான்கு ஆண்டுகள் வேதியியல் பாடம் நடத்திய ஒருவனிடம் இதைக் கேட்டிருக்கிறார். வகுப்பில் பிள்ளைகள் இதே கேள்வியைக் கேட்டபோதெல்லாம், "தேர்வில் வரும், அதற்குத்தான்" என்று சொல்லித் தப்பித்திருக்கிறேன். இந்த அம்மையாரிடம் அப்படித் தப்ப முடியாது.

முதலில் விதிகளைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் கலைப்பொருள் பாதுகாப்பு பெரும்பாலும் முதுகலை நிலையில்தான் கற்பிக்கப்படுகிறது. 1989-இல் தில்லியில் தேசிய அருங்காட்சியகத்தோடு சேர்ந்து நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கப்பட்ட நிறுவனம், இப்போது நொய்டாவில் இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஹெரிடேஜ் என்ற பெயரில் இயங்குகிறது. கலை வரலாறு, அருங்காட்சியகவியல், பாதுகாப்பு ஆகிய மூன்றும் அங்கே தனித்தனி இரண்டாண்டு முதுகலைப் படிப்புகள். பாதுகாப்புப் பிரிவுக்கு அறிவியல் பட்டதாரிகளும் வருகிறார்கள், நுண்கலைப் பட்டதாரிகளும் வருகிறார்கள். லக்னோவில் 1976-இல் தொடங்கப்பட்ட தேசியப் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது ஆய்வுக்கும் பயிற்சிக்கும் உரிய இடமே தவிர, பள்ளி முடித்த பிள்ளை பட்டம் வாங்கச் செல்லும் இடம் அன்று.

ஆகவே, பிளஸ் டூவில் வணிகவியல் எடுத்ததாலேயே கதவு மூடிவிட்டது என்று சொன்னவர்கள் அவசரப்பட்டுச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண் இளங்கலையில் எதைப் படிக்கப்போகிறாள் என்பதுதான் முதல் கேள்வி. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. படம் வரையத் தெரிந்த பிள்ளைக்கு அது நேரான பாதை. கல்லூரியில் படித்துக்கொண்டே, தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் வழியாக மேனிலை வேதியியலைத் தனிப் பாடமாக எழுதிக்கொள்ளவும் இடமிருக்கிறது. விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை மட்டும் வரி வரியாகப் படித்துவிடுங்கள், தகுதி விதிகள் ஆண்டுக்கு ஆண்டு திருத்தப்படுகின்றன.

இத்தாலி கதை வேறு. அங்கே பள்ளிக்கல்வி முடித்தவுடன் நேராகச் சேரலாம். ஐந்தாண்டுகள், முந்நூறு மதிப்பலகுகள் (கிரெடிட்). இளங்கலை, முதுகலை என்று இரண்டாகப் பிரியாத ஒரே படிப்பு. அதை முடிக்கும்போது எழுதும் தேர்வே தொழில் செய்வதற்கான உரிமத்தையும் தந்துவிடுகிறது. 2009-இல் வந்த அரசாணை இந்தப் படிப்பை ஆறு தடங்களாகப் பிரித்தது. கல்லும் சுவர்ப்பூச்சும் ஒரு தடம்; மரத்திலும் துணியிலும் தீட்டிய ஓவியங்கள் ஒரு தடம்; நெசவும் தோலும் ஒன்று; மட்பாண்டம், கண்ணாடி, உலோகம் ஒன்று; நூல்களும் ஆவணங்களும் ஒன்று; இசைக்கருவிகள் ஒன்று. சேரும்போதே ஒரு தடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும், எல்லாவற்றையும் சீர்செய்யத் தெரிந்தவர் என்று ஒருவரை அங்கே உருவாக்குவதில்லை. பட்டறை வகுப்பில் ஓர் ஆசிரியருக்கு ஐந்து மாணவர்கள்தாம். வேலையின் பெரும்பகுதி உண்மையான பழம்பொருள்களின் மீதே நடக்க வேண்டும் என்பதும் விதி. வருகை கட்டாயம். பாடங்கள் இத்தாலிய மொழியில் நடக்கும் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

நுழைவுத் தேர்வில் ஓவியம் உண்டு என்று அந்த அம்மையார் கேள்விப்பட்டது சரி. ஆனால் அது நம் ஊர் ஓவியப் போட்டி மாதிரி அன்று. ரோம் நகரில் 1939-இல் தொடங்கப்பட்ட, கலைப்பொருள்களைச் சீர்செய்வதற்கான மத்திய நிறுவனத்தின் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கலைப்பொருளின் புகைப்படத்தைக் கொடுத்து, அதை நிழல் போடாமல், வெறும் கோட்டில் மட்டும் வரையச் சொல்வார்கள். அடுத்தது நிறத்தைப் பார்த்து அதே நிறத்தைக் குழைத்து வருவிக்கிற தேர்வு. அதன் பிறகு கலை வரலாறும் இயற்கை அறிவியலும். கற்பனைக்கு எங்கும் மதிப்பெண் இல்லை. இருப்பதை இருக்கிறபடி பார்க்கிற கண்ணும், சொன்ன இடத்தில் நிற்கிற கையும் இருக்கின்றனவா என்றுதான் பார்க்கிறார்கள்.

ஏன் கோடு என்று கேட்டால், அந்த நிறுவனமே வகுத்த ஒரு முறையை நினைவுகூர வேண்டும். அதன் முதல் இயக்குநர் செசரே பிராண்டி. போரில் சிதைந்த ஓவியங்களில் உதிர்ந்துபோன இடங்களை நிரப்ப வேண்டிய நிலை வந்தபோது, அங்கே ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். நிரப்பும் வண்ணத்தை ஒரே பூச்சாகப் பூசாமல், மயிரிழை போன்ற செங்குத்துக் கோடுகளாக அருகருகே இடுவார்கள். ஐந்தடி தள்ளி நின்றால் ஓவியம் முழுமையாகத் தெரியும். முகத்தை அருகில் கொண்டுபோனால், இது பிற்காலத்தில் சேர்த்தது என்று கோடுகள் காட்டிக்கொடுத்துவிடும். இதைச் செய்கிற கை தன்னுடையதைத் தனியாகத் தெரியும்படி விட்டுவைக்க வேண்டும். நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இது கடினம். நாம் ஒட்டுப்போட்டது தெரியாமல் இருப்பதையே கைத்திறன் என்று சொல்லி வளர்த்திருக்கிறோம்.

இனி வேதியியலுக்கு வருகிறேன். என் பேச்சைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்வேன் என்று இப்போதே தெரிந்திருக்கும்: எதனால் ஆனது என்று தெரியாத பொருளில் கை வைக்காதீர்கள். சுண்ணாம்புச் சுவர் பற்றிய உரையில் சொன்னேன், ஆத்தங்குடிக் கல் பற்றிய உரையிலும் சொன்னேன். இன்று அதை நான் கற்றுக்கொண்ட இடத்தைச் சொல்கிறேன், இதுவரை சொன்னதில்லை.

என் தந்தையார் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். நான் இளங்கலை வேதியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, விடுமுறையில் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். முன்னோர்களுக்குப் படையலிடும் படைப்பு நெருங்கிக்கொண்டிருந்தது, வீடு முழுவதும் துப்புரவு நடந்தது. சாமி வீட்டில் ஒரு தஞ்சாவூர் ஓவியம் இருந்தது, தவழ்கிற வெண்ணெய்க் கண்ணன். "தம்பி, அந்தப் படத்தைக் கொஞ்சம் துடைத்து மாட்டிவிடு" என்று ஆச்சி சொன்னார்கள். நான் ஆர்வக்கோளாறில் சட்டத்தின் பின்னால் இருந்த ஆணிகளைப் பிடுங்கி, கண்ணாடியை எடுத்துவிட்டு, ஈரத்துணியால் ஓவியத்தையே துடைத்தேன். முதல் இழுப்பில் புகைக்கரி வந்தது, மகிழ்ச்சியாக இருந்தது. இரண்டாவது இழுப்பில் துணியில் நீலம் வந்தது. கையை எடுப்பதற்குள் கண்ணனின் இடது பாதம், விரல்களோடு சேர்ந்து, துணிக்கு வந்துவிட்டது. ஆச்சி வந்து பார்த்தார்கள். கோபப்படவில்லை. "நான் கண்ணாடியைத்தானே தம்பி துடைக்கச் சொன்னேன்" என்று மட்டும் கேட்டார்கள்.

எது எதில் கரையும், எதில் கரையாது என்ற பட்டியலை அந்த ஆண்டுதான் நான் மனப்பாடம் செய்து தேர்வு எழுதியிருந்தேன். தஞ்சாவூர் ஓவியம் பலாமரப் பலகையில் துணியை ஒட்டி, அதன் மேல் சுண்ணப்பொடியும் பசையும் கலந்து பூசி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி, வண்ணத்தைக் கோந்தில் குழைத்துத் தீட்டுவது. கோந்து தண்ணீரில் கரையும். இதற்கு மேல் அதில் வேதியியல் எதுவும் இல்லை, இருந்தும் அந்தப் பாடம் என் கைவரைக்கும் வந்து சேரவில்லை. அந்தத் துணியை ஓர் உறையில் போட்டு இன்றும் வைத்திருக்கிறேன்.

இரண்டாவது எடுத்துக்காட்டு, வெண்கலம். வீட்டில் பழைய செப்புச் சிலையோ வெண்கலச் சிலையோ பச்சையாக இருந்தால் உடனே புளியைக் கரைப்பதுதான் நம் வழக்கம். ஆனால் பச்சையில் இரண்டு வகை உண்டு. ஒன்று வழவழப்பாக, கரும்பச்சையாக, உலோகத்தோடு ஒன்றி நிற்கும். அது நூற்றாண்டுகளாகப் படிந்த மேற்படலம். உள்ளே இருக்கிற உலோகத்தை அதுதான் காக்கிறது. மற்றொன்று வெளிர்பச்சையாக, புள்ளி புள்ளியாக, தொட்டால் மாவுபோல உதிரும். உப்பிலிருந்து வந்த குளோரைடு உள்ளே தாமிரத்தோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும். காற்றில் ஈரம் ஏறியவுடன் அது அமிலமாகி மேலும் தாமிரத்தைத் தின்னும், தின்றதிலிருந்து மறுபடியும் குளோரைடு உண்டாகும். இதை வெண்கல நோய் என்பார்கள். முதல் பச்சையை விட்டுவைக்க வேண்டும், இரண்டாவதை நிறுத்தியாக வேண்டும். புளித்தண்ணீருக்கு இந்த வேறுபாடு தெரியாது, இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு போய்விடும். பூசையில் இருக்கிற, அன்றாடம் துலக்குகிற விளக்குகளைப் பற்றி நான் பேசவில்லை. ஆச்சிமார்கள் என் மீது வருத்தப்பட வேண்டாம்.

இந்த அறிவு மேல்நாட்டிலிருந்து வந்தால்தான் உண்டு என்றும் எண்ண வேண்டாம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-லேயே வேதியியல் பாதுகாப்புக் கூடம் அமைந்தது. அங்கே பணியாற்றிய எஸ். பரமசிவன், அரித்துப்போன வெண்கலச் சிலைகளை, மின்சாரம் செலுத்திச் செய்யும் மின்பகுப்பு முறையில் மீட்டார். தஞ்சைப் பெரிய கோயில் சுவரோவியங்களின் பூச்சையும் ஆராய்ந்தார். மின்பகுப்பு என்றவுடன் காரைக்குடிக்காரர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரவேண்டும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் ஊரில்தான் இருக்கிறது. உலோகம் ஏன் அரிக்கிறது, எப்படித் தடுப்பது என்பது அங்கே அன்றாட வேலை. தேவகோட்டைக்கும் அதற்கும் பேருந்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. பொதுமக்களை அனுமதிக்கிற நாள்களில் அந்தப் பெண்ணை ஒருமுறை அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

ஆகவே அமெரிக்காவில் கலைப்பொருள் பாதுகாப்பு முதுகலைக்கு விண்ணப்பிக்கிறவர்களிடம் பொது வேதியியல், கரிம வேதியியல், கலை வரலாறு, தாம் வரைந்த படங்களின் தொகுப்பு, நூற்றுக்கணக்கான மணி நேர முன்பயிற்சி என்று இத்தனையையும் சேர்த்துக் கேட்பது பிள்ளைகளை வடிகட்டி அனுப்புவதற்காக அன்று. கரைப்பான் ஒவ்வொன்றும் எதைக் கரைக்கும், எதை விட்டுவைக்கும் என்று தெரிந்த பிறகே பஞ்சைக் கையில் எடுக்க வேண்டும். அப்போதும் முதலில் ஒரு மூலையில், பஞ்சு சுற்றிய குச்சியின் நுனி அளவுக்குத்தான் தொட்டுப் பார்ப்பார்கள். நான் அன்று ஆச்சி வீட்டில் ஓரத்தில் அந்த அளவுக்குத் தொட்டிருந்தால் கண்ணனுக்குப் பாதம் இருந்திருக்கும்.

அந்த அம்மையார் என்னிடம் வேறொரு கேள்வியைக் கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது: இப்போது, பள்ளியில் இருக்கும்போதே, அவள் எதைத் தொடங்கலாம்? அதற்கு என்னிடம் தெளிவான விடை இருக்கிறது. வரும் விடுமுறையில் உங்கள் வீட்டு முகப்பு நிலைக்கதவுக்கு மேலே இருக்கிற கஜலட்சுமியை நிழல் இல்லாமல், வெறும் கோட்டில் வரையச் சொல்லுங்கள். அதே தாளில் எங்கே வெடிப்பு, எங்கே பூச்சி துளைத்த துவாரம், எங்கே வார்னிஷ் கறுத்திருக்கிறது, எந்த யானையின் துதிக்கை பிற்காலத்தில் ஒட்டவைத்தது என்று குறிக்கச் சொல்லுங்கள். எந்தப் பொருளையும் தொடுவதற்கு முன் அதன் நிலையை இப்படி எழுதிவைப்பதுதான் இந்தப் படிப்பில் எங்குமே முதல் பாடம். இதற்குக் கட்டணம் இல்லை, நுழைவுத் தேர்வும் இல்லை. ஓராண்டில் இப்படி இருபது தாள் சேர்ந்தால், எந்த நேர்காணலிலும் மேசை மேல் எடுத்து வைக்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் கடை கடையாக அடுக்கியிருக்கிற தூண்களும் கதவுகளும் எந்த ஊர், எந்த வளவைச் சேர்ந்தவை என்பதற்குப் பெரும்பாலும் எழுத்தில் எதுவும் இல்லை. பங்காளிகள் கூடி வீட்டைப் பிரிப்பது என்று முடிவெடுத்தால், ஒரு வாரத்தில் பர்மாத் தேக்கு லாரியில் ஏறிவிடுகிறது. வரைந்து வைத்தால் வீடு நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. எந்த உத்திரம் எந்தத் தூணின் மேல் உட்கார்ந்திருந்தது என்பதாவது தாளில் இருக்கும்.

முதல் நான்கு தாள்கள் முடிந்தவுடன் அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு வாருங்கள், அம்மா. பாடத்தை நான் சொல்லித்தருகிறேன். உறையில் இருக்கிற அந்தத் துணியையும் காட்டுகிறேன். நீலம் இன்னும் மங்கவில்லை.